மணிக்குப் பின் கூவிய பெயர்

சோராவல்
1958 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்

ஜெர்வாசியோ,

வேறு யார் வாயாலும் நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் கூவும் பாறையிலிருந்து என் பெயரைக் கூவினார்கள். என் புருஷனான உன்னோடு சேர்த்து அல்ல. மரம் அறுக்கும் ஃபெர்மோவோடு சேர்த்து.

நானும் உன் அம்மாவும் கோயில் முற்றத்தில் நின்றிருந்தோம். மேலே பையன்கள் தீ மூட்டி, மரத் தட்டுகளைக் கோலில் செருகிக் கனியவைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல முதலில் கேலி ஜோடிகளைக் கூவி எறிந்தார்கள். பாதிரியாருக்கும் அவருடைய கோவேறு கழுதைக்கும் ஒரு தட்டு. தபால்காரருக்கும் அவர் இதுவரை தொட்டுப் பார்க்காத பச்சைத் தண்ணீருக்கும் ஒரு தட்டு. உன் அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பிறகு கோயில் மணி அடித்தது.

மணிக்கு முன்னால் கூவினால் விளையாட்டு, பின்னால் கூவினால் நிஜம். நம் ஊரில் தொட்டில் குழந்தைக்குக்கூட இது தெரியும். மணிக்குப் பின் முதல் தட்டு, ஈஸ்டருக்குப் பின் கல்யாணம் செய்யப்போகும் ஜோடிக்கு. எல்லோரும் வாழ்த்தினோம். அடுத்ததாக அந்தப் பையன்களில் தீதா கோலை ஓங்கினான். "இது போகுது, இது போகுது! கனால் வீட்டு ஓர்சோலாவுக்கும் மரம் அறுக்கிற ஃபெர்மோவுக்கும்!" அந்தப் பாழாய்ப்போன தட்டு அழகாக வேறு பறந்தது. ஓடைவரைக்கும் பொறி சிதறிக்கொண்டு போனது.

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. உதீனேயிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த பட்டணத்துக்காரர்கள் மட்டும் கைதட்டினார்கள். காமிரா வைத்திருந்த ஒரு அம்மாள், "என்ன அழகான வழக்கம்!" என்றாள். அவளைப் பிடித்து ஓடையில் தள்ளலாம்போல இருந்தது. உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளி, "நிமிந்து நில்லுடி. இப்ப தலையைக் குனிஞ்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள். நின்றேன். எல்லோரும் கலைகிறவரை நின்றேன்.

செய்யவேண்டியது உனக்குத் தெரியும். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பதில் தட்டு எறியும் நாள். பெயர் கெட்ட வீட்டு ஆள் பாறை ஏறி, உண்மையைக் கூவித் திருப்பி எறியவேண்டும். யாரும் ஏறாவிட்டால் கூவியது கூவியதுதான். அப்புறம் நான் கனால் வீட்டு அடுப்பைத் தொடக்கூடாது. உன் அப்பா இல்லை, உனக்கு அண்ணன் தம்பி இல்லை. இருக்கும் ஒரே ஆள் நீ.

போன குளிர்காலத்திலும் வரவில்லை, அதற்கு முந்தினதிலும் வரவில்லை. இந்த ஒரு தடவை வா.

ஓர்சோலா

*

அணைக்கட்டு முகாம், வாலே, ஸ்விட்சர்லாந்து
ஜனவரி 14

அன்புள்ள ஓர்சோலா,

கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

மணி அடித்த பிறகுதான் என்று உனக்கு நிச்சயமா? முன்னால் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். பின்னால் என்றால் யோசிக்கவேண்டிய விஷயம். அந்தப் பாறையில் நானும் நின்றிருக்கிறேன். மணிக்குப் பின் எந்தப் பையனும் வாய்க்கு வந்ததைக் கூவமாட்டான். தீதாவை எனக்கு நன்றாகத் தெரியும். கோடை முழுக்க இங்கே சுரங்கத்தில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். பொய் பேசுகிற பையன் இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்கிறேன். இந்த வருஷம் மேல் புல்வெளியிலிருந்து வைக்கோலை யார் இறக்கினார்கள்? நீ எழுதவே இல்லையே. ஃபெர்மோ பெண்டாட்டி செத்து மூன்று வருஷம் ஆகிறது. தனி ஆள். நீயும் தனியாக இருக்கிறாய். நாலு பேர் நாலு விதமாக நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

லீவு கிடைப்பது கஷ்டம். குளிரில் அணை வேலை நின்றாலும் சுரங்க வேலை நிற்பதில்லை. மேஸ்திரியிடம் கேட்டுப் பார்க்கிறேன். வாக்குக் கொடுக்க முடியாது.

அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உன் ஜெர்வாசியோ

*

சோராவல்
ஜனவரி 22

ஜெர்வாசியோ,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வைக்கோல் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டாள். கோழிகள் ஏற்கெனவே தின்று முடித்திருந்தன.

வைக்கோலை ஃபெர்மோதான் இறக்கினான். அவனுடைய சறுக்குவண்டியில். உன் அம்மாவும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தோம். கூலியாக அவன் வீட்டுச் சாக்குப்பைகளை உன் அம்மா தைத்துக் கொடுத்தாள். ஊரே பார்த்தது. ஒளித்துச் செய்ய அது என்ன திருட்டு வைக்கோலா? நீ இருந்திருந்தால் நீ இறக்கியிருப்பாய். இல்லாத ஆளுக்குக் கேள்வி கேட்க மட்டும் வாய் நீளுகிறது.

இங்கே நடப்பதைக் கேள். ஊர்ப் பால்கூடத்தில் எல்லோருடைய பாலும் ஒரே கொப்பரையில் விழும், தெரியுமில்லையா? திங்கட்கிழமை என் பாலை ஊற்றப் போனேன். பாலாடைக்கட்டி செய்கிறவர் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "பொம்பளைங்க வேணாங்கறாங்க ஓர்சோலா. தவக்கால ஞாயித்துக்கிழமை என்ன ஆகுதுன்னு தெரியட்டும். நான் என்ன பண்ண முடியும்?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னோடு பள்ளிக்கூடம் போனவர்கள். ஒருத்தி காலணியைப் பார்த்தாள், இன்னொருத்தி கூரையைப் பார்த்தாள். வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். தினமும் அவ்வளவு பாலையும் வீட்டிலேயே காய்ச்சி உறைய வைக்கிறேன். புகைமாடத்தில் பாலாடைக்கட்டியைத் தொங்கவிட இடமில்லை.

கோயிலில் எங்கள் பெஞ்சில் நானும் உன் அம்மாவும் மட்டும்தான். முன்பெல்லாம் நெருக்கி உட்காரச் சொல்லி முழங்கையால் இடிப்பார்கள். இப்போது தாராளமாகக் கால் நீட்டலாம்.

ஃபெர்மோ வாசல்வரை வந்தான். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே, "சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. நான் என்ன தப்பு பண்ணேன்னு தீதாவைக் கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான்" என்றான். அவனைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. ஆமாம், பாவமாக இருந்தது என்று எழுதுகிறேன். அதையும் நீ எடுத்து வைத்துக்கொள்.

எனக்கு வாக்கு வேண்டாம். ஆள் வேண்டும். மேஸ்திரியிடம் சண்டை போட்டாவது வா.

ஓர்சோலா

*

அணைக்கட்டு முகாம்
ஜனவரி 31

ஓர்சோலா,

இந்த மாதிரிக் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. அது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

மேஸ்திரி முடியாது என்றுவிட்டார். ஏற்கெனவே இரண்டு பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள். நான் கிளம்பினால் இடம் போய்விடும்.

நிறைய யோசித்தேன். கோபப்படாமல் படி. கொஞ்ச காலம் நீ கீழூரில் உன் அண்ணன் வீட்டில் போய் இரு. ஊர் ஆறட்டும். நீ அங்கேயே இருந்தால் அம்மாவுக்கும் சேர்த்துத் தலைகுனிவு. அவள் வயதானவள். பால்கூடத்தில் அவளை எதற்கு அவமானப்பட வைக்கவேண்டும்? சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போ. மாடுகளைப் பார்த்துக்கொள்ள என் சித்தி மகன் இருக்கிறான், அவனுக்கு எழுதுகிறேன்.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நடந்தது நடந்துவிட்டது. இரண்டு பேரும் பெரியவர்களாக நடந்துகொள்வோம்.

ஜெர்வாசியோ

*

சோராவல்
பிப்ரவரி 9

ஜெர்வாசியோ,

என்ன நடந்தது? "நடந்தது நடந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, எது நடந்தது? இங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் கூவினான், அவ்வளவுதான். உன் எழுத்தில்தான் அது நடந்து முடிந்த விஷயமாக இருக்கிறது.

இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. உன் அப்பாவை அவருடைய கடைசிக் குளிர்காலம் முழுக்கத் தூக்கிப் படுக்கவைத்தவள் நான். கூரை ஓடு பனியில் சரிந்தபோது மேலே ஏறியவள் நான். அந்தச் சாவியை நான் யாரிடம் கொடுப்பது? வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் ரொட்டி தின்ன மட்டும் வரும் உன் சித்தி மகனிடமா?

போகமாட்டேன். பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி விழித்துக்கொண்டால் மறுபடி தூக்கம் வருவதில்லை. முதல் ஞாயிறன்று பாறை வெறுமையாக இருந்தால் மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். மரியாதையாகத்தான் பேசுவார்கள். மரியாதையாகவே என் பெட்டியைத் தூக்கிக் கீழூர்வரை கொண்டுவந்து விடுவார்கள். அண்ணன் கதவைத் திறப்பான், அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சாகும்வரை அந்த அடுப்புக்கு நான் விறகு எடுத்துப் போடவேண்டும்.

இன்னொரு விஷயம். ஃபெர்மோவைப் பார்த்து மட்டுமல்ல, என்னைப் பார்த்தும் தீதா தெருவை மாற்றிக்கொண்டு போகிறான். உண்மையைக் கூவியவன் எதற்கு ஒளிய வேண்டும்? நாளைக்கு அவனைப் பிடித்துக் கேட்கப்போகிறேன்.

ஓர்சோலா

*

சோராவல்
பிப்ரவரி 11

ஜெர்வாசியோ,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

தீதாவை விறகுக் கொட்டகையில் பிடித்தேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். முதலில் முறைத்தான், பிறகு மரக்கட்டைமேல் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "அக்கா, அவர்தான் சொன்னாரு. சுரங்கத்துல பாறை சரிஞ்சப்போ என்னை இழுத்துப் போட்டவரு அவரு. அவரு கேட்டா எப்பிடி இல்லைன்னு சொல்றது? விளையாட்டுக்கா அண்ணான்னு ரெண்டு தடவை கேட்டேன். விளையாட்டு இல்ல, மணிக்கு அப்புறம் கூவணும்னாரு. பேரு யாரோடன்னு கேட்டதுக்கு, யாரா இருந்தா என்ன, தனி ஆளா ஒருத்தனைப் போடுன்னாரு."

ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. நீ சொன்னாயா?

இல்லை என்று நீ எழுதினால் நம்பிவிடுவேன். அந்த அளவுக்கு மடச்சியாகத்தான் இன்னும் இருக்கிறேன்.

ஓர்சோலா

*

அணைக்கட்டு முகாம்
பிப்ரவரி 17

ஓர்சோலா,

ஆமாம்.

இதற்குமேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரியின் பெயர் வெரேனா. புருஷன் இல்லாதவள். ஈஸ்டர் வாக்கில் அவளுக்குக் குழந்தை பிறக்கும். என் குழந்தை. கெட்டவள் இல்லை. எனக்கு ஊரில் பெண்டாட்டி இருப்பது அவளுக்குத் தெரியாது, ரொம்ப நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

உன்னிடம் எழுதப் பல தடவை பேனாவை எடுத்தேன். உன் முகம் வந்துவிடும். உன்னிடம் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. குற்றமில்லாத பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தவன் என்று ஊர் சொன்னால் அம்மா எப்படித் தாங்குவாள்? அவள் கோயிலில் எந்தப் பெஞ்சில் உட்காருவாள்? பாறையில் கூவிவிட்டால் ஊரே முடிவு செய்துவிடும், நான் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே. தீதாவையும் வாயைத் திறக்கவேண்டாம் என்று சொல். நீ சின்னவள், இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. கீழூரில் கொஞ்ச நாளில் எல்லாம் மறந்துவிடுவார்கள். அங்கே கூவும் பாறையும் இல்லை. ஃபெர்மோகூட நல்லவன்தான்.

என்னை மன்னித்துவிடு.

ஜெர்வாசியோ

*

சோராவல்
பிப்ரவரி 24, திங்கள்

ஜெர்வாசியோ,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உன் அம்மா அடுப்படியில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். "என்ன எழுதியிருக்கான்?" என்றாள். சொல்லாதே என்று நீ கேட்டிருந்தாய். நானும் மறைத்துவிடத்தான் பார்த்தேன். "சுகமா இருக்கானாம் அத்தை" என்று ஆரம்பித்தேன். அவள் துடுப்பை நிறுத்தாமலே, "படிக்கிறவ முகம் இப்படியா இருக்கும்? இருக்கறதைப் படி" என்றாள்.

படித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் விடவில்லை. "ஃபெர்மோகூட நல்லவன்தான்" என்ற வரிவரை படித்தேன். களி அடிப்பிடித்துப் புகை வந்தது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். பிறகு, "என் பேரைச் சொல்லிச் செஞ்சிருக்கான் பாரு. அதான் தாங்கல" என்றாள். உனக்காக அவள் அழுததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. நீ பார்த்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரணிலிருந்து உன் கோலை இறக்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அத்தை, பொம்பளை யாரும் பாறை ஏறினதில்லையே" என்றேன். "வீட்டு ஆள்தானே ஏறணும்? இந்த வீட்டு ஆள் யாருன்னு நான் சொல்றேன். ஏறு. எவனாவது மறிச்சா, என் மாமியார் மேனியா பின்னாடியே வந்துக்கிட்டிருக்கா, மூட்டு வலிக்குது, கொஞ்சம் மெதுவாத்தான் வருவான்னு சொல்லு" என்றாள்.

தீதா மேலே தீ மூட்டி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தன், "இது ஆம்பளைங்க இடம். கீழ போ" என்றான். தீதா அவனைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தன் இடத்தை எனக்கு விட்டான். "நான் கூவினதுக்கு இதான் பதில்னா, இவங்க எறியட்டும். வேணாங்கறவன் என்னைத் தாண்டி வரட்டும்." யாரும் வரவில்லை. கீழே முற்றத்தில் ஊர் முழுக்க நின்றிருந்தது. பால்கூடத்துப் பெண்களும் நின்றிருந்தார்கள்.

மணி அடிக்கும்வரை காத்திருந்தேன். தட்டு சிவக்கச் சிவக்கக் கனிந்துகொண்டே வந்தது. மணி அடித்து ஓய்ந்தது. ஓங்கி வீசினேன். கோலிலிருந்து வழுக்கி அந்தத் தட்டு என் காலடிப் பனியிலேயே விழுந்து, புஸ்ஸென்று அணைந்துவிட்டது. கீழே யாரோ சிரித்தார்கள். சிரித்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியும், அது இருக்கட்டும். தீதா இன்னொரு தட்டை எடுத்துக் கொடுத்தான். மறுபடி கனியவைத்தேன். மறுபடி வீசினேன். பாறை விளிம்பில் சாய்த்து வைத்திருந்த பலகையில் பட்டுத் தெறித்துப் பறந்தது. நீ எறிவது மாதிரி ஓடைவரை போகவில்லை. தேவதாரு மரங்கள்வரைதான் போனது. போதும்.

நான் என்ன கூவினேன் தெரியுமா? "ஓர்சோலா குற்றமில்லாதவள்" என்று கூவவேண்டும் என்றுதான் ஏறும்போது நினைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. என்னைப் பற்றி நானே எதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்? "இது போகுது, இது போகுது! கனால் வீட்டு ஜெர்வாசியோவுக்கும் வாலே நாட்டு வெரேனாவுக்கும்!" என்று கூவினேன். தொண்டை கிழிந்துபோகும் அளவுக்குக் கூவினேன். எதிர்மலை அதை வாங்கி இன்னொரு தடவை சொன்னது.

குழந்தையைப் பற்றிக் கூவவில்லை. அது யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அந்தப் பெண்மேலும் எனக்குக் கோபம் இல்லை, அவளையும் நீ ஏமாற்றித்தான் வைத்திருக்கிறாய். இன்றைக்கே போய் அவளிடம் சொல். நீயாகவே சொன்னால் நல்லது, இல்லையென்றால் உன் கூட வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் அடுத்த வாரம் அங்கே வந்து இறங்கும்போது அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இறங்கி வந்தேன். கூட்டம் விலகி வழி விட்டது. வழியில் ஃபெர்மோ நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றினான். நான் தலையை அசைத்துவிட்டு நடந்தேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை, இருக்கவேண்டும் என்றும் இல்லை. நீ ஏற்பாடு செய்து வைத்த வாழ்க்கைக்குள் நான் போய் உட்காரமாட்டேன்.

இன்று காலை பால் வாளியோடு பால்கூடத்துக்குப் போனேன். மூடி திறந்திருந்தது. பெண்கள் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், "நேத்து கத்துன கத்துல எங்க வீட்டு மாடு கயித்தை அறுத்துக்கிச்சுடி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலை ஊற்றிவிட்டு வந்தேன்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம், அதைக் கொடுக்க இப்போது என்னிடம் இல்லை. மணிக்குப் பின் உன் பெயர் கூவப்பட்டிருக்கிறது. இனி நீ பதில் சொல்லவேண்டியது ஊருக்கு.

உன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், மாற்றி எழுதிவிடுவேனோ என்று.

"ஜெர்வாசியோ, நான் உன்னைப் பெத்தவ. அதை யாரும் மாத்த முடியாது. பேரப்புள்ள பொறந்தா எழுது, குளிருக்குச் சட்டை பின்னி அனுப்பறேன். என்னைப் பாக்கணும்னு தோணினா வா. ஆனா நேரா உள்ள வந்துடாத. கதவைத் தட்டிட்டு வெளிய நில்லு. வீட்டுக்காரி திறந்தா வா."

ஓர்சோலா